நான்காவது பிளக்கில் பொட்டு இல்லை

என்ஜினின் மேல்மூடியைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது குங்குமம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் என் மனைவி தனத்தின் கார் நின்றிருந்தது. இரவெல்லாம் நின்றதால் என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. பிளக் மாற்ற அதுதான் நேரம். சூட்டோடு சூடாகக் கழற்றினால் அலுமினியத்தில் வெட்டிய மரை உரிந்துகொண்டு வந்துவிடும், பிறகு கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

புது பிளக்குகளை ஜோகூர் பாருவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் கீறிவிடும் என்று பயம். பக்கத்து இருக்கைக்காரர் முட்டையா என்று கேட்டார்.

மூடிக்கு அடியில் நான்கு காயில்கள் வரிசையாக இருக்கும். பிளக்கின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்து மின்சாரம் கொடுப்பது காயில். அவற்றில் மூன்றின் தலையில் கொஞ்சம் சந்தனம், அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. நான்காவதில் ஒன்றும் இல்லை. வைத்தவனுக்குக் குங்குமம் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

‘வைத்தவன்’ என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு எழுத்தில்தான் அன்றைய பாதி நாள் பாழானது.

முதல் காயிலைக் கழற்றி, லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, சாக்கெட்டை உள்ளே விட்டுப் பிளக்கை வெளியே எடுத்தேன். பீங்கான் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. முனையில் கரி இல்லை, பழுப்பு இல்லை. கடையிலிருந்து வந்து சில நாள்கூட ஆகியிருக்காது.

என் கையில் ஒரு புது பிளக். என் காலடியில், பெட்டி பிரிக்காமல், நான் வாங்கி வந்த புது பிளக்குகள். என் மனைவியின் காரை எனக்கு முன்னால் எவனோ திறந்திருக்கிறான்.

இடைவெளி

கார் ஓட்டுகிறவர்களில் பலருக்கு பிளக்கைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளக்கின் நுனியில் நடுக்கம்பி ஒன்று, அதன் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் சின்ன நாக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஓர் இடைவெளி. பொறி அங்கேதான் தாவும். இடைவெளி கூடினால் பொறி தாவாது, குறைந்தால் நோஞ்சானாகத் தாவும். இரண்டிலும் கார் குலுங்கும்.

பெட்டியிலேயே சரியாக வைத்துத்தான் தருகிறார்கள் என்பார்கள். நான் நம்ப மாட்டேன். ஒவ்வொன்றின் இடைவெளியிலும் மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்ப்பேன். தகடு தொளதொளவென்று போகக் கூடாது, இறுகியும் நிற்கக் கூடாது, லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். சரியில்லை என்றால் நாக்கை மட்டும் கொஞ்சம் வளைக்க வேண்டும். நடுக்கம்பியைத் தொடவே கூடாது.

அன்றைக்கும் தகட்டை எடுத்தேன். எதற்கு? அந்த எவனோ ஒருவன் இடைவெளியைத் தப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையில்தான். தகட்டை உள்ளே விட்டேன். லேசாகப் பிடித்தது, நழுவியது.

இரண்டாவதையும் எடுத்தேன். அதுவும் அப்படியே. எனக்கு வயிறு எரிந்தது. மற்ற இரண்டையும் திறந்து பார்க்கத் தெம்பில்லை. எடுத்தவற்றைத் திரும்ப மாட்டி, மூடியைப் போட்டு, பானெட்டை வேண்டிய சத்தத்தை விடக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு சாத்தினேன்.

“என்னங்க, முடிஞ்சிருச்சா?” என்று உள்ளேயிருந்து தனத்தின் குரல் வந்தது. முடிந்தது என்றேன். வேறு என்ன சொல்ல?

லைட்டு பிடிப்பவள்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு நான் சிங்கப்பூரில் லிப்ட் பழுதுபார்க்கிறவன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன், சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவேன், ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவேன். தனத்துக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு மண்பாண்டக் கடையில் வேலை. தினமும் காரில் போய்வருவாள். பிள்ளைகள் இருவரும் படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு பக்கம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தனத்துக்குச் சேலை எடுக்கத் தெரியாது, பிறந்தநாள் ஞாபகம் இருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் காரை நல்லபடியாக வைத்திருப்பது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காரைக் கழுவி, பிளக் மாற்றி, பழுதுபார்க்கும் சாமான்களை மண்ணெண்ணெயில் துடைத்து சாமி மேடைக்கு முன்னால் அடுக்கி வைப்பேன். தனம் பொட்டு வைப்பாள். மறுநாள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு கோயிலுக்குப் போவோம். எங்கள் வீட்டில் கல்யாண நாளைவிட அந்த நாள் பெரிது.

பிளக் மாற்றும்போது தனம் பக்கத்தில் நின்று லைட்டு பிடிப்பாள். பிளக் இருக்கும் குழி ஆழமானது, லைட்டு இல்லாமல் ஒன்றும் தெரியாது. அவள் கை கொஞ்சம் அசைந்தாலும் எனக்குக் கோபம் வரும். “லைட்ட ஆட்டாத தனம்” என்று அதட்டுவேன். வேலை மும்முரத்தில் அதை அதட்டல் என்றே நான் நினைத்ததில்லை.

போன ஆயுத பூஜைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. லிப்டுகளுக்குப் பண்டிகை தெரியாது. பிறகு ஒரு நாள் தனம் போன் செய்து, சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது என்றாள். வரும் ஞாயிறு பார்க்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறும் ஓவர்டைம். அதற்குள்தான் இந்தப் பொட்டு விழுந்திருக்கிறது.

அண்ணனுக்கு அக்கா எப்படி?

துப்பறிய உட்கார்ந்தேன். பாசார் பக்கம் இருக்கும் வொர்க்‌ஷாப்பின் முதலாளியான தவுக்கே ஒரு சீனர். நன்றாக வேலை செய்வார், ஆனால் காயிலுக்குச் சந்தனம் வைக்க மாட்டார். ஆகவே இது நம் ஆள். நம் ஆட்களில் எங்கள் தாமான் குடியிருப்பில் கார் பானெட்டைத் திறக்கிறவன் ஒருவன்தான், பக்கத்து வீட்டுச் செல்வம்.

செல்வம் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். என்னைவிட வயதில் சின்னவன், தலையில் முடி முழுசாக இருக்கிறது. அவன் வீட்டுப் போர்ச்சில் சக்கரம் வைத்த சிவப்பு நிற சாமான் அலமாரி ஒன்று உண்டு. இழுப்பறை ஒவ்வொன்றையும் அவன் இழுத்துச் சாத்தும் சத்தம் வேலியைத் தாண்டி வரும். என் சாமான்களோ ஒரு துணிப்பையில், என்னோடு சிங்கப்பூருக்கும் குளுவாங்குக்கும் அலைந்துகொண்டிருக்கின்றன.

அவனைப் பற்றி எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. என்னை அண்ணே என்று கூப்பிடுகிறான். அப்படியானால் தனத்தை அண்ணி என்றுதானே கூப்பிட வேண்டும்? அக்கா என்கிறான். அண்ணனுக்கு அக்கா எப்படி மனைவியாவாள்? இதை நான் பல வருடமாக மனசுக்குள் வைத்திருந்தேன். அன்றைக்கு அது பெரிய சாட்சியாகத் தெரிந்தது.

தனம் பாசாருக்குக் கிளம்பினாள். காரை எடுக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். குலுக்கல் இல்லை, இடறல் இல்லை, அப்படியொரு சுகமான ஓட்டம். அவள் கேட்டைத் தாண்டும்போது செல்வம் தன் வீட்டு வாசலில் நின்று கையசைத்தான். தனமும் கையசைத்தாள். அந்தக் கையசைப்பையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிட்டாச்சா என்று விசாரித்தான். உம் என்றேன். வேலை எப்படி என்றான். அதற்கும் உம்.

“அண்ணே, அந்த பிளக் சாக்கெட்டு வேல முடிஞ்சிருச்சா? மச்சான் காருக்கு வேணும்னு கேக்குறான்” என்றான்.

எந்தச் சாக்கெட்டு, யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அக்காகிட்டதாண்ணே. நானே போட்டுத் தர்றேன்னு சொன்னேன். வேணாம் செல்வம், எனக்குத் தெரியும், சாமான் மட்டும் குடுன்னாங்க. கேப் பாக்குற தகடும் சேத்து வாங்கிட்டுப் போனாங்க.” வேலியைக் காட்டினான். “தப்பா கிப்பா போட்றப் போறாங்களேன்னு அங்க நின்னு பாத்துகிட்டே இருந்தேன். அலமாக், என்னைவிட நல்லா செய்றாங்க லா. நீங்க சொல்லிக் குடுத்ததாண்ணே?”

ஆமாம் என்றேன். பொய்தான்.

வாஷிங் மெஷின்

அவன் போன பிறகு வீட்டுக்குள் போனேன். அடுப்பின் நெற்றியில் பொட்டு. அரிசி டின்னில் பொட்டு. நிலைப்படியில், பிரிட்ஜில், வாஷிங் மெஷினில் பொட்டு. எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தவை, மோதிர விரலால் வைத்தவை. காயில்களில் இருந்ததும் அதே சாய்வுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் தனம் குளித்து, விளக்கேற்றி, கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்து வைப்பவை இவை. வெள்ளிக்கிழமைகளில் நான் இங்கே இருப்பதில்லை. சனிக்கிழமை வந்து, பொட்டு வைத்த அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, பொட்டு வைத்த மெஷினில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவன். கையில் புது பிளக்கை வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு தடவைகூட இந்த வாஷிங் மெஷின் நினைவுக்கு வரவில்லை.

பொறாமை போய்விட்டது என்று நினைப்பீர்கள். செல்வத்தின் மேல் இருந்த பாதி போனது. மீதிப் பாதி புது வடிவம் எடுத்தது. என் மனைவி முதல்முதலாகப் பிளக் மாற்றியதை அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றபோது நான் எங்கோ ஒரு லிப்ட் குழிக்குள் நின்றிருந்தேன்.

அதைவிட மோசம், தனத்தின் மேலேயே பொறாமை வந்தது. அந்தக் காரைப் பார்த்துக்கொள்வதுதான் நான் கொடுக்கும் ஒரே சீதனம். அதுவும் அவளுக்கே வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் எதற்கு வருகிறேன்?

சிங்கப்பூருக்குப் போகும் பாலம் மூடியிருந்த காலம் நினைவுக்கு வந்தது. நோய்க்குப் பயந்து இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் போனில் மட்டும் தனத்தின் முகத்தைப் பார்த்தேன். குழாய் ஒழுகியது, கூரையில் ஓடு நகர்ந்தது, பேட்டரி செத்தது என்று சொல்வாள். அடுத்த தடவை கேட்டால் சரியாகிவிட்டது என்பாள். நல்லது என்று போனை வைப்பேன். யார் சரிசெய்தது என்று நான் கேட்டதே இல்லை.

என்ஜின் ஆறும் வரை

தனம் பாசாரிலிருந்து திரும்பியதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லத்தான் போனேன். சாக்கெட்டைச் செல்வம் கேட்டான் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவள் சிரிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. கங்குங் கீரையை மடியில் போட்டுக்கொண்டு போர்ச்சில் உட்கார்ந்தாள். “இன்னும் குடுக்க முடியாது. மூணுதான் மாத்துனேன். நாலாவது கழலல.”

நான்காவதில் ஏன் பொட்டு இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதோடு என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. எனக்கென்று ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறாள்.

“எனக்காக வச்சிருந்தியா?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லங்க. கழலல. இறுக்கமா இருந்தா பலவந்தம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? எண்ணெ அடிச்சு விட்ருக்கேன்.”

கொஞ்சம் பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

உடனே திறக்க முடியாது. ஓடிவந்த என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு மாலை பஸ். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஆறட்டும் என்று இருவரும் உட்கார்ந்தோம். இப்படிச் சும்மா உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். அவள் கீரை ஆய்ந்தாள்.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். வீடியோ பார்த்தாயா, செல்வம் சொன்னானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். செல்வத்தின் பெயரைச் சொல்லும்போது என் குரலில் இருந்ததை அவள் கண்டுகொண்டாள். அப்போதுதான் கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எத்தன வருஷமா லைட்டு புடிச்சிருக்கேன்? நீங்க குனிஞ்சிருப்பீங்க, உங்க தல உங்களுக்கே மறைக்கும். லைட்டு புடிக்கிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேம்பீங்க. நான் தெனமும் ஆயர் ஈத்தாம் போகணும்ல? லாரி பின்னாடி நிக்கும்போது கார் குலுங்குனா எனக்குத்தான பயம்?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. வானம் மூட்டமாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்தாள்.

சாப்பாடு ஆனதும் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

நான்காவதைக் கழற்றியது நான்தான், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் விட்டு, மறுபடி எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு விட்டுக்கொடுத்தது. கரி பிடித்த பழைய பிளக்கை நான் வெற்றியோடு தூக்கிக் காட்டிய நேரத்தில் தனம் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

நான் வாங்கி வந்ததைப் பிரிக்கப் போனேன். வேண்டாம், செட்டில் மிச்சம் இருப்பது இருக்கிறது என்று தன் பிளக்கை எடுத்தாள். என்னுடையவை அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று இழுப்பறைக்குப் போயின.

நான் லைட்டை எடுத்தேன்.

தகட்டை விட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, பிளக்கின் நாக்கைக் காரின் விளிம்பில் பட்டும் படாமலும் ஒரு தட்டு தட்டினாள். மறுபடி தகட்டை விட்டாள். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, குழிக்குள் இறக்கி, விரலாலேயே திருகினாள். மரை மாறாமல் இருக்க நான் கண்டுபிடித்த வித்தை அது. நான் கண்டுபிடித்தது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அந்தக் குழாயை வெட்டிக் கொடுத்தது யார் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கை எனக்கும் வலிக்க ஆரம்பித்தது.

“லைட்ட ஆட்டாதீங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை

காயிலை மாட்டி முடித்ததும் உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். நான்காவதற்குச் சந்தனம் வைத்து, நடுவில் மோதிர விரலால் பொட்டு வைத்தாள். என்ஜினை முடுக்கினேன். சத்தம் சீராக இருந்தது.

அவள் விரலில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. துணியைத் தேடினாள். எனக்கு அந்தக் காயிலின் மேலேயே பொறாமை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றேன்.

தனம் என்னைப் பார்த்தாள். பிறகு விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“வீட்ல இருக்கறதுக்குத்தாங்க வைக்கிறது” என்றாள்.

இதையும் குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. பையில் சட்டைகளை மடித்து வைத்தாள், பஸ் ஸ்டாண்டு வரை அவளே காரில் கொண்டுவந்து விட்டாள். சிக்னலில் கார் அசையாமல் நின்றது. பிளக் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல, ஆமாம் என்றாள். பஸ்ஸில் என் மடியில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க லிப்ட் குழிகளுக்குள் நின்றபோது அந்த வாக்கியம் கூடவே வந்தது. வியாழக்கிழமை சூப்பர்வைசரிடம் போய் மறுநாளுக்கு லீவு கேட்டேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, வாஷிங் மெஷின் விஷயம் என்றேன். பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்குள் நுழைந்தேன். தனம் ஈரத்தலையோடு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு சாமி மேடையிலிருந்து திரும்பினாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அடுப்புக்கு வைத்தாள். அரிசி டின்னுக்கு, பிரிட்ஜுக்கு வைத்தாள்.

நான் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மெஷினுக்கு வைத்தாள். அப்புறம் கிண்ணத்தில் விரலைத் தொட்டாள்.

“குனிங்க, எட்டல” என்றாள்.